வாய் தவறி வந்த ‘நல்லாருக்கு’

போன ஞாயிற்றுக்கிழமை, ஒரு மீன் ஓடுகிற பாட்டுக்கு விமர்சனம் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன்.

சிரிக்காதீர்கள். பத்தி எழுதுகிறவளுக்கு சபா கச்சேரிக்கு மட்டும்தான் அழைப்பு வரும் என்று யார் சொன்னது? போடிநாயக்கனூரில் வாழ்க்கைப்பட்டவளுக்கு எது வந்து சேருகிறதோ அதுதான் சங்கீதம்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவில் பவுன்ராஜ் என்று ஒருவன் கீபோர்டு வாசிக்கிறான். பக்கத்துச் சிலமலைக்காரன். வயசு முப்பதைத் தொடப் போகிறது. அவனுடைய அண்ணன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது இரண்டு சாமான்கள் கொண்டுவந்தார். தம்பிக்கு ஒரு சிந்தசைசர். தன் பிள்ளைகளுக்கு, டி.வி.யில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம்.

அந்த கேமை நானும் பார்த்தேன். கட்டம் கட்டமாக ஒரு சின்ன மீன். பின்னால் ஒரு பெரிய மீன். சின்னது ஓட வேண்டும், பெரியது துரத்த வேண்டும். நம் நாட்டு நடப்பு மாதிரி என்று ஒரு வரி எழுதலாம்தான்... வேண்டாம், எடிட்டர் வெட்டிவிடுவார்.

மீன் ஓடும்போது ஒரு மெட்டு வரும். ஒற்றை இழைதான். சுண்டு விரலால் வாசித்தது போல மெலிசாக, சுற்றிச் சுற்றி வரும். பெரிய மீன் நெருங்க நெருங்க அதற்கும் மூச்சு வாங்கும், வேகமெடுக்கும். பிடித்துவிட்டால் மூன்றே மூன்று சுரம், மேலிருந்து கீழே. கதை முடிந்தது. பிள்ளைகள் ‘அய்யோ!’ என்று கத்திவிட்டு மறுபடி பட்டனை அமுக்குவார்கள்.

கேலியாகத்தான் கேட்க ஆரம்பித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து புளி கரைக்கும்போது பார்த்தால், என் கை அந்தத் தாளத்தில் கரைக்கிறது! இதை யாரோ ஒரு ஜப்பான்காரர் ஆபீசில் உட்கார்ந்து எழுதியிருப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் ‘இன்றைக்கு என்ன வேலை?’ என்று மனைவி கேட்டால், ‘மீன் பயப்படுவதற்கு ஒரு மெட்டு’ என்று சொல்லியிருப்பாரோ?

இந்த மெட்டைத்தான் பவுன்ராஜ் எடுத்துக்கொண்டான். சிந்தசைசரில் போட்டு, இரண்டு டேப் ரிக்கார்டர்களை வைத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து ஒரு கேசட் தயாரித்துவிட்டான்.

“இதுக்குப் பேரு ரீமிக்ஸ், அக்கா. வெளிநாட்ல இப்ப இதேன் ஓடுதாம். திருவிழாவுல சினிமாப் பாட்டு ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி மேடையில ஓப்பனிங் மியூசிக்கா இதைப் போடப் போறேன்” என்றான்.

போடலாம். ஆனால் திருவிழாக் கமிட்டி ஒத்துக்கொள்ள வேண்டுமே! இந்த வருஷம் மதுரையிலிருந்து ஒரு பெரிய குழுவைக் கொண்டுவரலாம் என்று கமிட்டியில் ஒரு பேச்சு. உள்ளூர்க் குழுவுக்கு ஏதாவது புதுசு இருந்தால்தான் மரியாதை.

பவுன்ராஜுக்கு இதில் மரியாதையைத் தவிர வேறொரு சங்கடமும் இருந்தது. அவன் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். “இந்தத் தடவை கமிட்டி கூப்புட்டாச் சரி. இல்லையா, பேசாம மெட்டு ஏறு. எஸ்டேட்ல கங்காணி வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்.” போடிமெட்டுக்கு மேலே அந்த எஸ்டேட்டில் ஏலக்காய் உண்டு, அட்டை உண்டு, மழை உண்டு. கரண்டு மட்டும் கிடையாது. கரண்டு இல்லாத இடத்தில் சிந்தசைசர் வெறும் பலகைதானே? ஒரு மனிதன் வாசிக்கிறவனாக இருப்பதா, வாசித்தவனாக ஆவதா என்பது அந்த கேசட்டைப் பொறுத்து நின்றது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, எங்கள் ஊர் விமர்சன முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மேற்கொண்டு உங்களுக்கு ஒன்றும் புரியாது.

நான் பிறந்தது காவிரிக் கரை. அங்கே நன்றாக இருந்தால் ‘நன்றாக இருக்கிறது’ என்போம். நன்றாக இல்லாவிட்டாலும் ‘நன்றாக இருக்கிறது’ என்போம். போடியில் அப்படி இல்லை. இது ஏலக்காய் ஊர். நல்ல காயைப் பார்த்தால் வியாபாரி முகத்தைச் சுளிப்பார். உள்ளங்கையில் போட்டுத் தேய்ப்பார், மோந்து பார்ப்பார், ஒன்றைக் கடிப்பார். “பச்சை பத்தாது... ஈரமா இருக்கு... பாதி வெடிச்ச காயி...” என்று நொள்ளை சொல்லிக்கொண்டே மிச்சத்தைத் தரையில் வீசுவார். சரக்குக் கொண்டுவந்தவருக்கு முகம் மலரும். ஏன்? நொள்ளை சொன்னால் வாங்கப் போகிறார் என்று அர்த்தம். வாங்காத சரக்குக்கு யாராவது மெனக்கெட்டுக் குறை கண்டுபிடிப்பார்களா?

வேண்டாம் என்றால் ஒரே வார்த்தைதான் — “நல்லாருக்கு.” அவ்வளவுதான். கொண்டுவந்தவர் மறுபேச்சுப் பேசாமல் சாக்கைக் கட்டிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்துவிடுவார். ஏன் வேண்டாம் என்று கேட்பது கௌரவக் குறைச்சல்.

இந்தப் பழக்கம் கடையோடு நின்றால் பரவாயில்லை. என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தவர்கள், “பொண்ணு மகாலட்சுமியாட்டம் இருக்கு, கேசரி பிரமாதம்” என்றார்கள். புது மருமகளான நான் சந்தோஷமாக உள்ளே ஓடினால், அங்கே மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்! அடுத்து ஒரு கூட்டம் வந்தது. பொண்ணு குட்டை, கேசரியில் சீனி தூக்கல், தூணில் பெயிண்டு உரிந்திருக்கிறது... மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுதான் சம்பந்தம். இன்றைக்கு வரைக்கும் நல்ல சம்பந்தம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கமிட்டித் தலைவர் வேலுச்சாமி அண்ணன். பழைய ஏலக்காய் வியாபாரி. அவர் கடை மாடியில்தான் கேசட்டைக் கேட்கும் வைபவம். ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் கமிட்டிக்காரர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்திரிகையில் எழுதுகிறவள் என்பதால் எனக்கு மட்டும் ஒரு நாற்காலி. பவுன்ராஜ் டேப் ரிக்கார்டரை ஒரு மூட்டைமேல் வைத்து, சாமி கும்பிட்டு, பட்டனை அமுக்கினான்.

முதலில் கடல் அலை. அப்புறம் மணியோசை. அப்புறம் நூறு வயலின்கள் ஒன்றாக அழுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குள் தவில் மாதிரி ஒன்று புகுந்தது. ‘ஆ...’ என்று ஒரு கூட்டமே பாடியது. எல்லாவற்றுக்கும் மேல் எக்கோ. எங்கேயோ அடியில், அந்த மெலிசான மெட்டு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. கடைசியில் மூன்று சுரங்கள் இடி இடித்து ஓய்ந்தன. கடைப்பையன் கொண்டுவந்து வைத்த காபி ஆறி ஆடை கட்டிவிட்டது, அவ்வளவு நீளம்.

வேலுச்சாமி அண்ணன் முகத்தைச் சுளித்தார். நல்ல சகுனம்.

“என்னப்பா இது? மணி அடிக்குது, பூசாரியக் காணாம். கடலு எரையுது. மலைக்கு அடியில கெடக்குற ஊருக்குக் கடலு எதுக்கு? தவுல்காரன் என்ன, தூங்கிக்கிட்டே அடிக்கிறானா?”

பவுன்ராஜின் முகத்தில் ஒரு வெளிச்சம். கமிட்டியில் ஆளுக்கொரு நொள்ளை சொன்னார்கள். வயலின் ஜாஸ்தி, எக்கோ ஜாஸ்தி, கேசட் அட்டையில் படம் சரியில்லை. காரியம் பழம் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம். அண்ணன் விட்டாரா?

“நீ ஒண்ணுமே சொல்லலயே தாயி?”

என்னிடம் கருத்துக் கேட்பதும் ஒன்று, தேங்காயைக் கல்லில் போடுவதும் ஒன்று. உடைந்தே தீரும்.

“மீனைக் காணோம், தம்பி. குழம்பு மட்டும்தான் இருக்கு” என்றேன்.

மாடியே சிரித்தது. வேலுச்சாமி அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. “சபாஷ்! யாவாரம்னா இப்படிப் பேசணும்!” என்றார். “ஏய் பவுனு, வியாழக்கெழம வந்து நேர்ல வாசிச்சுக் காட்டு. அன்னைக்கே தாம்பூலம் மாத்திப்புடுவோம்.”

எல்லோருக்கும் திருப்தி. ஒருவனைத் தவிர. மாடிப்படியில் பவுன்ராஜ் என்னை நிறுத்தினான்.

“அக்கா, மொதலாளி சொன்னது யாவாரம். எனக்குத் தெரியும். நீங்க சொன்னது?”

வெளியூர்க்காரி என்பது இருபது வருஷமானாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும் போலிருக்கிறது. “நான் சொன்னது... சொன்னதுதான்” என்றேன்.

“அப்ப நெசமாவே மீனைக் காணமா?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து வரவில்லை. “காணோம்தான், தம்பி. அந்த மீன் பயந்து ஓடுது. உன் கேசட்டுல அது யானைமேல ஊர்வலம் போகுது.”

அவன் கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நமக்கு எதற்கு இந்த வாய்? அதே யானையை வியாழக்கிழமையும் ஓட்டிக்கொண்டு வந்தால் போதும், தாம்பூலம் அவனுக்குத்தான். இப்போது அவன் அதைத் திருத்தப் போகிறானே!

திருத்தித்தான் கொண்டுவந்தான்.

வியாழக்கிழமை காலை. அதே மாடி. வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் தட்டில் தயாராக இருந்தன. பவுன்ராஜ் சிந்தசைசரைப் பெஞ்சில் வைத்து, ஒயரை மாட்டினான். பெஞ்சுக்கடியில் அவனுடைய தகரப்பெட்டியும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எஸ்டேட் ஜீப்பு கிளம்புகிறது. கமிட்டி வேண்டாமென்றால் இப்படியே ஏறிக்கொள்ள வேண்டும் என்பது அப்பா உத்தரவு.

வாசித்தான். கடல் இல்லை. மணி இல்லை. அழுகிற வயலின்கள் எல்லாம் போயாச்சு. ஒரே ஒரு மெல்லிய குரல், அடியில் நெஞ்சு அடித்துக்கொள்வது போல ஒரு துடிப்பு. அவ்வளவுதான். கேமில் வந்ததைவிட நிதானமாக ஆரம்பித்தான். மெட்டு சுற்றிச் சுற்றி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வேகமெடுத்தது. கட்டம் கட்டமான அந்த மீனை நான் மறந்தே போனேன். எனக்கு வேண்டியவர்கள் யாரோ ஓடுவது போலிருந்தது. ஓடு, ஓடு என்று மனசு அடித்துக்கொண்டது.

கடைசியில் அந்த மூன்று சுரங்கள். ஒன்று வாசித்தான். இரண்டாவது வாசித்தான். மூன்றாவதை வாசிக்கவில்லை. விரலைத் தூக்கியபடியே நிறுத்திவிட்டான்.

எல்லோரும் அந்த மூன்றாவது சுரத்துக்காகக் காத்திருந்தோம். அது வராது என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வேலுச்சாமி அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். “அந்த மீனு... தப்பிச்சிருச்சாப்பா?” என்று கேட்டார், சின்னக் குரலில்.

“தெரியல மொதலாளி.”

அண்ணன் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம், நாற்பது வருஷத் தொழிலை மறந்து, மனசிலிருந்து நேராக வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

“நல்லாருக்குடா. ரொம்ப நல்லாருக்கு.”

மாடி விறைத்துப் போயிற்று. கமிட்டிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தர் மெதுவாகத் தாம்பூலத் தட்டை மூட்டைக்குப் பின்னால் நகர்த்தினார். பவுன்ராஜ் ஒயரைக் கழற்றினான், சிந்தசைசரைப் போர்வையில் சுற்றினான். “வர்றேன் மொதலாளி” என்று கும்பிட்டுவிட்டு, அதை ஒரு தோளிலும் தகரப்பெட்டியை ஒரு கையிலுமாகப் படியிறங்கிவிட்டான். ஏன் என்று கேட்கவில்லை. போடியில் யார் கேட்டிருக்கிறார்கள்?

அண்ணன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

“எங்கப்பா அவன்? தட்டைக் கொண்டா.”

“நீங்கதானே அனுப்பிச்சீங்க?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“நான் எங்கய்யா அனுப்புனேன்?”

“‘நல்லாருக்கு’ன்னு சொன்னீங்களே அண்ணே” என்றேன் நான்.

“சொன்னேனா?”

“சொன்னீங்க. ‘ரொம்ப’ன்னு வேற சொன்னீங்க.”

அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். “அடக் கெடுத்தேனே! கெட்ட வார்த்தைய வாயால சொல்லிப்புட்டேனே!”

“இதுக்கு என்னண்ணே, போய் நெசமாவே நல்லாருந்துச்சுன்னு சொல்லிட்டா ஆச்சு.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “இன்னொரு தரம் வேணாம்னு சொல்லச் சொல்றியா தாயி? கெளம்பு, கெளம்பு. வெரசா வா. நாலு நொள்ளை சொல்லி அவனை எறக்கிக் கொண்டாருவோம். உன் வாய்க்கும் சோலி இருக்கு.”

கமிட்டித் தலைவர் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட, பத்தி எழுத்தாளர் பின்னால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட, கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. ஏதோ கொடுக்கல் வாங்கல் வம்பு என்று நினைத்திருப்பார்கள்.

ஜீப்பு ஸ்டாண்டில் எஸ்டேட் ஜீப்பு நிறைந்து பிதுங்கிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் ஓரமாகப் பவுன்ராஜ், மடியில் போர்வைச் சுருட்டலோடு. குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவனைப் போல அதை அணைத்துப் பிடித்திருந்தான்.

“ஏய் பவுன்ராசு!” அண்ணன் மூச்சிரைக்கக் கத்தினார். “என்னடா வாசிச்ச நீயி?”

பவுன்ராஜ் திரும்பினான். கண்ணில் ஒரு துளி நம்பிக்கை. நொள்ளைதானா?

“அந்த... அந்த ஆரம்பம் இருக்கே...” என்றார் அண்ணன். நின்றுவிட்டார். ஆரம்பத்தில் ஒரு குறையும் இல்லை. “நடுவுல ஒண்ணு பண்ணுனியே... அது வந்து...” அதுவும் சரியாகத்தான் இருந்தது. இந்த மலையில் விளைந்த ஒரு காயைக்கூட விடாமல் குறை சொன்ன வாய், திறந்தது திறந்தபடி நின்றது.

“நீ சொல்லு தாயி! ஒண்ணே ஒண்ணு!”

நானா? யோசித்தேன். வாரம் தவறாமல் யாரையாவது கிள்ளிக்கொண்டிருக்கிறவள். சமையல், சினிமா, சம்பந்தி, சர்க்கார் ஆஸ்பத்திரி எதையும் விட்டதில்லை. அன்றைக்கு ஒரு குறை கிடைக்கவில்லை.

டிரைவர் மலைக்காரர், பாதி மலையாளம். “எந்தா அண்ணே, வழக்கா? ஆளை எறக்கணுமா, வண்டிய எடுக்கட்டா?” என்றார். நாங்கள் இருவரும் இன்னும் குறையைத் தேடிக்கொண்டிருந்தோம். அவர் வண்டியை எடுத்துவிட்டார்.

பவுன்ராஜின் முகம் அணைந்தது. ஜீப்பு நகர, அண்ணன் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். இந்த வயசில். ஒரு செருப்பு கழன்று தெருவில் கிடந்தது.

“ஏண்டா!” என்று அலறினார் திடீரென்று. “ஏண்டா, இத்துனூண்டா வாசிப்பான் ஒருத்தன்? வந்தது தெரியல, அதுக்குள்ள முடிஞ்சு போச்சு! பத்தாதுடா! பத்தவே பத்தாது!”

பவுன்ராஜ் ஜீப்பின் தகரத்தில் படபடவென்று அடித்தான். வண்டி நின்றது. போர்வைச் சுருட்டலோடு குதித்து இறங்கினான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

“நீளம் பத்தாதா மொதலாளி?”

“பத்தாதுடா பாவி” என்றார் அண்ணன், அவன் தோளைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டே. “விடிய விடிய வாசிச்சாலும் பத்தாது.”

விமர்சனம் என்றால் அது. நானெல்லாம் சும்மா எழுதிக்கொண்டிருக்கிறேன்.